கண்ணுக்குத் தெரியாத வேலி யாருக்குக் காவல்?



ஒற்று மிகும் இடங்களைப் பற்றி எழுதுவதாகச் சென்ற முறை உறுதி கூறியிருந்தேன். அதை அடுத்த முறைக்குத் தள்ளி வைக்கிறேன், பொறுத்தருள்க. இம்முறை நாயைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. 'தமிழாசிரியைக்கு நாயோடு என்ன வேலை?' என்று கேட்பவர்கள், பின்வரும் நிகழ்வைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பள்ளி, ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடைப்பட்ட ஒரு பகுதியில் உள்ளது. தோட்டத்தின் பெயரைப் பள்ளி இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது, தோட்டம்தான் இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் ஒருபுறம் செம்பனை. மறுபுறம் தாமான் வீடுகள். அந்தத் தாமானிலிருந்து பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். காலை ஏழு மணிக்கு எங்கள் பக்கத்தில் இருள் முழுதாக விலகியிருக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, என் வகுப்பில் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் அண்ணனோடு வந்துகொண்டிருந்தாள். மூலை வீட்டைக் கடக்கும்போது, வேலியே இல்லாத அந்த வளவிலிருந்து பெரிய நாய் ஒன்று குரைத்தபடி நேராக அவர்களை நோக்கிப் பாய்ந்து வந்திருக்கிறது. அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் சாலைக்குள் ஓடினார்கள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் திருப்பி ஒடித்துப் புல்தரையில் விழுந்தார். இறைவன் அருளால் அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. சிறுமி முகம் குப்புற விழுந்து, தாடையில் மூன்று தையல்.

நாய் அவளைத் தொடவே இல்லை. புல்தரையில், சாலைக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போதே, கோடு போட்டாற்போல் நின்றுவிட்டதாம். அது நிற்கும் என்பது நாய்க்குத் தெரியும். நாயின் சொந்தக்காரருக்குத் தெரியும். ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரியாது.

அன்று முற்பகலே அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்துவிட்டார். அவர் மகனும் எங்கள் பள்ளி மாணவன்தான். இரவு வேலை முடித்து, உறங்காமல், கண் சிவந்து வந்திருந்தார். மருத்துவச் செலவைத் தாமே ஏற்பதாகக் கூறினார். ஆனால் தம் மீது தவறு இல்லை என்பதிலும் உறுதியாக இருந்தார்.

"டீச்சர், நாய் ஒரு அடிகூட வெளிய வரல டீச்சர். மண்ணுக்குள்ள வயரு போட்டிருக்கேன். கழுத்துல பெல்ட்டு இருக்கு. செத்தாலும் அது ரோட்டுக்கு வராது."

அவர் கூறியது உண்மை. அந்த உண்மைதான் என்னை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தது.

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். முன்கூடத்தில் சுவரோடு ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வளவைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவாகப் புதைக்கப்பட்டு, மீண்டும் பெட்டிக்கே வந்து சேர்கிறது. நாயின் கழுத்துப்பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதன் உட்புறம் தோலைத் தொடும்படி இரண்டு உலோக முனைகள். நாய் கம்பியை நெருங்கினால் முதலில் 'பீப்' என்று ஓசை எழும். அதையும் மீறி நெருங்கினால் கழுத்தில் மின்னதிர்வு. இணையத்தில் வாங்கினாராம். வளவு முழுவதற்கும் கம்பிவேலி போடக் கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை என்றார்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் 'மின்வேலி' என்ற ஒரே சொல்லை மூன்று வேறுபட்ட பொருள்களுக்கு வழங்கி வருகிறோம். இதனால் வீண் அச்சமும் எழுகிறது, வீண் துணிச்சலும் எழுகிறது.

முதலாவது, வீட்டு மின்சாரத்தை அப்படியே கம்பியில் பாய்ச்சுவது. இது வேலியே அன்று, கொலைக் கருவி. காட்டுப்பன்றிக்கென்று கட்டுவார்கள், மனிதனும் மடிவான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அவ்விடத்தைவிட்டு அகலாமல் சுற்றிக்கொண்டிருந்த படங்களை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

இரண்டாவது, நம் பேராவில் யானை நடமாட்டம் உள்ள பகுதிகளில் காணும் வேலி. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையும் தோட்ட நிறுவனங்களும் அமைப்பது. இதில் மின்சாரம் தொடர்ந்து பாய்வதில்லை. ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, மிகமிகக் குறுகிய நேரத்திற்கு ஒரு துடிப்பு. வலிக்கும், முறையாக அமைத்தால் கொல்லாது. கம்பியும் தெரியும், எச்சரிக்கைப் பலகையும் தெரியும்.

மூன்றாவது, இந்த நாய் வேலி. புதைத்த கம்பியில் ஓடுவது வெறும் சமிக்ஞை. கம்பியைக் கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதிர்ச்சி தருவது கழுத்துப்பட்டையில் உள்ள மின்கலம். ஆகவே, "பிள்ளைகள் மிதித்தால் ஷாக் அடிக்குமா டீச்சர்?" என்று என்னைக் கேட்ட பெற்றோருக்கு என் விடை: அடிக்காது. அந்த வகையில் அஞ்ச வேண்டாம். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு.

இக்கருவி புதியதன்று. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் 1973இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக்கு முன்னால் சுவரோ வேலியோ இல்லாமல் பச்சைப் புல்வெளி சாலைவரை விரிந்து கிடக்க வேண்டும் என்று விரும்பும் புறநகர் மக்களுக்காக அங்கே பரவிய பொருள் இது. பல குடியிருப்புகளில் முன்புறம் வேலி போடவே இசைவு கிடையாது. அகன்ற மனை, தள்ளித் தள்ளி வீடு, பள்ளிக்குப் பேருந்தில் செல்லும் பிள்ளை என்ற அந்தச் சூழலுக்குப் பிறந்ததை, மோட்டார் சைக்கிளும் நடைபிள்ளையும் வாசலை உரசிக்கொண்டு போகும் நம் தாமானில் கொண்டுவந்து புதைத்திருக்கிறோம்.

வீட்டுக்காரர் எனக்கு இன்னொன்றையும் காட்டினார். அலமாரியில் ஒரு கட்டு வெள்ளைக் கொடிகள். குச்சியில் செருகிய சிறு சிறு பிளாஸ்டிக் கொடிகள். நாயைப் பழக்கும் முதல் இரண்டு வாரம் இவற்றைக் கம்பி போகும் வழியெல்லாம் நட்டு வைக்க வேண்டுமாம். நாய் கொடியைப் பார்க்கும், ஓசையைக் கேட்கும், வலியை உணரும். மூன்றையும் சேர்த்து எல்லையை மனத்தில் பதித்துக்கொள்ளும். பழகியபின் கொடிகளைப் பிடுங்கிவிடலாம். அவரும் அப்படியே பிடுங்கிவிட்டார்.

அந்தக் கொடிகளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றேன். எல்லை எங்கே என்று நாய்க்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு வாரம், இத்தனை கொடி. சாலையில் போகும் பிள்ளைக்கு ஒரு கொடியும் இல்லை, ஒரு நாளும் இல்லை!

நான் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வீடுகளில் நாய் இல்லாத வீடு குறைவு. கட்டிப் போட்ட நாயும் குறைவு. விடியற்காலை பெரட்டுக்கு அம்மா கிளம்பும்போது எங்கள் மணியும் கிளம்பிவிடும். நிரைக்குள் பாம்பு கிடந்தால் முதலில் குரைப்பது அதுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்குப் போகும்வரை பின்னாலேயே வந்து, திரும்பவும் எங்களுக்கு முன்னால் வீடு வந்து சேரும். அதற்கு எல்லை என்று யாரும் வகுக்கவில்லை. ஆனால் லயத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அந்த நாயைத் தெரியும். அதற்கும் அத்தனை பேரையும் தெரியும். வெளியாள் வந்தால் நாலு வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்து அதட்டுவார்கள். அங்கே வேலியின் வேலையை ஊர் செய்தது.

துரை பங்களாவில் வேறு கதை. செம்பருத்தி வேலி, இரும்புக் கதவு, உள்ளே இரண்டு பெரிய நாய்கள். நாங்கள் அந்த வேலியைக் கண்டாலே சாலையின் மறுபுறம் போய்விடுவோம். வேலி எங்களிடம் பேசிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

என் பாட்டி வேறொரு வேலியைப் பற்றிக் கூறுவார். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டப்படி மக்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் புதுக்கிராமங்கள் அப்படி எழுந்தவை. தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் நெருக்கிச் சுற்றிலும் முள்கம்பி இழுத்தார்கள். வாசலில் சோதனை, அரிசிக்கும் கணக்கு. கொடுமையான வேலிதான், ஐயமில்லை. ஆயினும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது உள்ளே இருந்தவருக்கும் தெரிந்தது, வெளியே இருந்தவருக்கும் தெரிந்தது. புதைத்து வைத்த வேலியைப் பாட்டி கேள்விப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இனி நாயின் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உளவியல் பாடத்தில் நாம் அனைவரும் பாவ்லவ் நாயைப் படித்திருக்கிறோம். உணவுக்கு முன்னால் ஓர் ஓசையை மீண்டும் மீண்டும் எழுப்பினால், பின்னர் ஓசை மட்டுமே எச்சிலை ஊற வைக்கும். பிறகு ஸ்கின்னர், வலுவூட்டல், தண்டனை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பாடம்! இந்தக் கழுத்துப்பட்டை அந்தப் பாடத்தின் நடைமுறை வடிவம்தான். முதலில் ஓசை, ஓசைக்குப்பின் வலி, நாளடைவில் ஓசையே போதும்.

ஆனால் பாவ்லவின் பாடத்தில் நாம் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. கற்பவர் எதை எதோடு இணைத்துக் கற்கிறார் என்பது கற்பிப்பவரின் கையில் முழுமையாக இல்லை. 'இந்தக் கோட்டைத் தாண்டாதே' என்று கற்பிப்பதாக வீட்டுக்காரர் நினைக்கிறார். நாய்க்குக் கோடு தெரியாது. காலையில் பிள்ளைகள் வருகிறார்கள், ஆவலோடு ஓடுகிறது, கழுத்தில் வலி. மறுநாளும் பிள்ளைகள், மறுநாளும் வலி. அது கோட்டை வெறுக்கக் கற்குமா, புத்தகப்பை மாட்டிய பிள்ளைகளை வெறுக்கக் கற்குமா? அந்த மூலை வீட்டு நாய் முன்பெல்லாம் வாலாட்டிக்கொண்டு வந்த நாய் என்று அவர் மகனே என்னிடம் கூறினான். குரைக்கத் தொடங்கியது எப்போதிலிருந்து என்று அவனைக் கேட்டேன். "பெல்ட் போட்டப்புறம் டீச்சர்" என்றான். ஒரு பிள்ளையின் சொல்லை ஆய்வாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். இருப்பினும் எழுதி வைக்கிறேன்.

அமெரிக்க விலங்கு நடத்தையியலாளர் ரிச்சர்ட் போல்ஸ்கி, இத்தகைய மின்னெல்லையில் வைக்கப்பட்ட நாய்கள் மனிதரைக் கடுமையாகத் தாக்கிய ஐந்து நிகழ்வுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்தே நிகழ்வுகள்; அவற்றைக் கொண்டு எல்லா நாய்களுக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கையில் வைத்து இயக்கும் மின்பட்டையைப் பற்றியது, வேலியைப் பற்றியதன்று. அதில், பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைவிட மின்பட்டை மேலான பயன் தரவில்லை என்று கண்டார்கள். நாய்களிடம் மனவழுத்தத்தின் அறிகுறிகளையும் கண்டார்கள். வகுப்பறையில் பிரம்பு வைத்திருந்து பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பணியில் சேர்ந்த முதலாண்டு என் மேசையிலும் ஒரு மரக்கோல் இருந்தது. நான் இருக்கும்வரை வகுப்பு அமைதியாக இருந்தது. நான் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் ஒருவன் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தான்!

இந்தக் கருவியும் அப்படித்தான். பெட்டி இயங்கும்வரை வேலி. கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் இடியும் மின்னலும் நமக்குப் புதியனவல்ல. மின்னல் வீச்சில் பெட்டி பழுதானால் வேலி இல்லை. மின்தடை ஏற்பட்டால் வேலி இல்லை. கழுத்துப்பட்டையின் மின்கலம் தீர்ந்தால் வேலி இல்லை. தீர்ந்தது யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. மண்வெட்டியால் யாராவது கம்பியை வெட்டிவிட்டாலும் அப்படியே. கம்பியே வேண்டாம், துணைக்கோளைக் கொண்டு எல்லையைக் கணிக்கும் பட்டைகளும் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. மர நிழலிலும் சுவர்களுக்கிடையிலும் அந்தக் கணிப்பு சில மீட்டர் முன்பின்னாக நகரும். வாசலுக்கும் சாலைக்கும் இடையே இருப்பதே சில மீட்டர்தானே!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்தப் பட்டையை நாள் முழுவதும் மாட்டி வைக்கக்கூடாது. முனைகள் அழுந்திய இடத்தில் தோல் புண்ணாகிவிடும் என்பதால் நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்தான் அணிவிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள். வியர்வையும் மழையும் நிறைந்த நம் நாட்டில் இன்னும் கவனம் தேவை. மீதிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எது வேலி? அந்த வீட்டு நாயின் கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தேன். இரண்டு சிவந்த புள்ளிகள் இருந்தன. அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் முகம் வாடிவிட்டது, உடனே கழற்றிவிட்டார்.

தீபாவளி வரட்டும், சீனப் புத்தாண்டு வரட்டும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் கழுத்து வலியைப் பொருட்படுத்துமா? ஒரே பாய்ச்சலில் கம்பியைக் கடந்துவிடும். காட்டுப்பன்றியோ குரங்கோ கண்ணில் பட்டாலும் அப்படித்தான். அச்சம் தணிந்து வீடு திரும்பும்போதுதான் வேடிக்கை: கம்பி அங்கேயே இருக்கிறது, உள்ளே நுழைந்தாலும் அதிர்வு அடிக்கும். ஓடுவதற்கு வெறி துணை நின்றது. திரும்புவதற்கு எது துணை? வீட்டைப் பார்த்தபடி தெருவிலேயே நிற்கும். அங்கே அதைப் பிடித்துப் போவது மன்றத்தின் வண்டி.

இவ்வளவையும் அவரிடம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ சங்கிலியில கட்டிப் போடவா டீச்சர்?"

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. அவருடைய நாயை ஒருமுறை மன்றத்தார் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அபராதம் கட்டி மீட்டு வந்தார். அதன்பின் ஓராண்டு அதைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார். அந்த மண்ணில் வட்டமாகப் புல் தேய்ந்த தடம் இன்னும் இருக்கிறது. சங்கிலியோடு ஒப்பிட்டால் இந்தப் பட்டை நாய்க்கு விடுதலை என்றே அவர் நம்பினார். காசு மிச்சம் பிடிக்க மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. பகலெல்லாம் கட்டுண்டு கிடக்கும் நாயைப் பார்க்கச் சகிக்காமல் செய்தார். இரவும் பகலும் சங்கிலியா, நாளில் பத்து மணி நேரம் பட்டையா என்று அந்த இரண்டை மட்டும் முன்வைத்தால், நாயின் பொருட்டு நானும் பட்டையையே தேர்ந்தெடுக்கக்கூடும். இதை ஒளிக்காமல் எழுதிவிடுவதே நேர்மை. ஆனால் சாலையில் போகும் பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், சங்கிலியில் கட்டிய நாய் அவளை நோக்கிச் சாலை ஓரம்வரை பாய்ந்து வந்திராது.

பிற நாடுகள் என்ன செய்தன என்று தேடிப் படித்தேன். வேல்ஸ் நாடு 2010இல் மின்னதிர்வுப் பட்டைகளுக்கே தடை விதித்தது. வேலிப் பட்டையும் அதில் அடங்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. அங்கே கண்ணுக்குத் தெரியாத எல்லையைப் பயன்படுத்தலாம். ஆனால் நாய் நுழைய முடியாத, ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உண்மையான வேலி ஒன்றுக்கு உள்ளேதான் அதை அமைக்க வேண்டும். அதாவது, வேலிக்கு மாற்றாக அதை அவர்கள் ஏற்கவில்லை. வேலியைத் தாவும் நாய்க்கும் வேலியடியில் தோண்டும் நாய்க்கும் கூடுதல் தடையாக மட்டுமே ஏற்றார்கள்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. பழைய சட்டத்தில் விலங்கு வதைக்கு நெடுங்காலம் இருந்த உச்ச அபராதம் வெறும் 200 ரிங்கிட். புதிய சட்டத்தில் அது 20,000 ரிங்கிட்டில் தொடங்கி 100,000 ரிங்கிட் வரை செல்லும். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வளர்ப்பவர் விலங்குக்குச் செய்ய வேண்டிய கடமையையும் அது வலியுறுத்துகிறது. சாலையில் போகும் பிள்ளைக்கு அரணாகத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு இருக்கிறது. தம் விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி போதிய காவல் செய்யாதவர் அப்பிரிவின்கீழ் குற்றவாளி. புதைத்த கம்பி 'போதிய காவல்' ஆகுமா என்பதை வழக்கறிஞர்கள்தாம் கூற வேண்டும். பெற்றோரில் சட்டம் படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வேலி என்பது உள்ளிருப்பது வெளியே போகாமலிருக்க மட்டுமா? வெளியிலிருப்பது உள்ளே வராமலிருக்கவும்தானே! பட்டை அணிந்த நாயைத்தான் இந்தக் கம்பி தடுக்கும். தெருநாய் தாராளமாக உள்ளே வந்து வீட்டு நாயைக் கடிக்கலாம். இது தன் எல்லைக்குள் மாட்டிக்கொண்டு கடிபட வேண்டியதுதான். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியதையும், 2017 முதல் சரவாக்கில் அது உயிர்களைப் பறித்து வருவதையும் நாம் மறந்துவிடக்கூடாது. பந்தெடுக்கப் போகும் பிள்ளைக்கும் அந்த வளவில் தடை எதுவும் இல்லை.

அண்டை வீட்டாரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சாலையில் மலாய்க்காரக் குடும்பங்கள் பல உள்ளன. நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்வது அவர்கள் சமய நெறி. பள்ளிவாசலுக்குப் புறப்பட்டவர்மீது ஒரு நாய் பாய்ந்து வந்தால், 'அது இரண்டு மீட்டருக்கு முன்னால் நின்றுவிடும்' என்ற உறுதிமொழி அவருக்கு எப்படிப் போதும்? கம்பியைக் கண்ணால் கண்டால் அவர் நிம்மதியாக நடப்பார். தாமானில் நாய் வளர்ப்பு தொடர்பாக எழும் மனக்கசப்பில் பாதி, நாயினால் வருவதன்று. நாய் வருமா வராதா என்று தெரியாமல் தினமும் அந்த வாசலைக் கடக்க வேண்டியிருப்பதால் வருவது என்பது என் கணிப்பு.

இப்போது அந்தச் சிறுமிக்கு வருகிறேன். தையல் பிரித்தாயிற்று. ஆனால் அந்த வழியே வர மறுக்கிறாள். மாற்று வழி ஒன்று உண்டு. அது பெரிய சாலை. காலை ஆறரை மணியிலிருந்து கல்லுடைப்பு லோரிகள் வரிசையாகப் போகும். முதல் இரண்டு நாள் அண்ணனும் தங்கையும் யாரிடமும் கூறாமல் அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். இது தெரிந்தபோது எனக்கு உடல் நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து என் காரில் ஏற்றி வருகிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் எந்த வழியே நடந்து வருகிறார்கள், எந்த வாசலில் அஞ்சுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் வழியை வரையச் சொன்னேன். பதினாறு பேரில் ஒன்பது பேரின் படத்தில் நாய் இருந்தது! நாய் ஓடிவந்தால் ஓடாதே, கத்தாதே, கண்ணை உற்றுப் பார்க்காதே, கையை உடலோடு சேர்த்து மரம்போல் நில், பிறகு மெல்லப் பின்வாங்கு என்று நலக்கல்வி நேரத்தில் பழக்கினேன். மரமாக நிற்பதில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இருட்டில், உண்மையான நாயின் முன்னால், ஏழு வயதுப் பிள்ளை மரமாக நிற்கும் என்று நான் நம்பிவிடவில்லை.

நாய் வளர்க்கும் பெற்றோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: வளவு முழுவதற்கும் வேலி போட வசதி இல்லையென்றால், வீட்டின் பக்கவாட்டில் ஒரு பகுதியையாவது கம்பிவலையால் அடைத்து, நாய் ஓடியாட இடம் செய்யுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வரும் நேரங்களில் அதற்குள் விடுங்கள். மாலையில் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுங்கள். கருத்தடை செய்யுங்கள், உரிமம் எடுங்கள். மின்பட்டையை வாங்கும் எண்ணமிருந்தால் வேலிக்குப் பிறகு வாங்குங்கள்.

இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூறியபோது, "நாய்க்கு வேலி கட்டுவதா சங்கத்தின் வேலை?" என்று ஒருவர் சிரித்தார். இரும்பு ஒட்டும் தொழில் செய்யும் ஒரு தந்தை, பழைய குழாய்த் தூண்கள் தம்மிடம் இருப்பதாகவும் கூலி வேண்டாம் என்றும் எழுந்து சொன்னார். கம்பிவலைக்கு வீட்டுக்காரர் பணம் தருகிறார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அந்த அன்பரும், ஒரு மலாய் இளைஞர், குழி தோண்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை கூட்டுப்பணி. முன்புறத்துக்கு மட்டும் கம்பிவலை போதும். பின்புறம் ஏற்கெனவே சுவர் இருக்கிறது.

வேலி எழும்வரை, அந்த வெள்ளைக் கொடிகளை மீண்டும் நட்டு வைக்கும்படி வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டேன். நாய்க்காக அன்று, பிள்ளைகளுக்காக. நட்டு வைத்திருக்கிறார். நாயும் இப்போது காலையில் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நேற்றுப் பள்ளி முடிந்து காரில் போகும்போது, அந்தச் சாலை முனையில் நிறுத்தச் சொன்னாள் சிறுமி. இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் கொடி வரைக்கும் நடந்தாள். நின்று பார்த்தாள். "இவ்வளவு தூரம்தான் வருமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை